தொழுகையைச் சுருக்கிய அழுகுரல்

நீண்ட நேரம் தொழவேண்டும் என்னும் எண்ணத்துடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையைத் தொடங்குவார்கள். பின்னால் ஒரு குழந்தை அழும் குரல் கேட்கும். உடனே தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். அந்த அழுகையால் தாயுள்ளம் படும் துயரை அவர்கள் அறிந்திருந்ததே காரணம் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகள் அறிவிக்கின்றன.

அன்புடையீர்! அறுவை சிகிச்சைக் கூடத்தின் மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் தாயை நாம் எண்ணிப் பார்க்கிறோமா? பிள்ளை மயக்கத்தில் வலியறியாது கிடக்கிறது. தாயோ விழித்திருந்து துடிக்கிறாள்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் பெருமானார். அவர்கள் வழி நின்ற குர்துபா நகர் மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் 30 பாக நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கினார். ஆகவே, தேவையான சிகிச்சையை அச்சத்தால் தள்ளிப்போடுவது இறைவன்மீது வைக்கும் நம்பிக்கை ஆகாது.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் கடமை. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபிகளார் நேரில் சென்று, அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள். இதில் சமய வேற்றுமைக்கு இடமில்லை.

ஆயினும், நம் பரிவு அறிவோடு கூடியதாக இருக்கட்டும். மயக்க மருந்து தருமுன் குழந்தையின் வயிறு காலியாக இருத்தல் வேண்டும். உண்டது மயக்கத்தில் மேலேறி நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் குறித்த நேரத்துக்குப் பின், பசித்தழும் பிள்ளைக்கு ஒளித்து ஊட்டும் ஒரு பிஸ்கட் இரக்கமன்று, தீங்கு.

வலிக்கவே வலிக்காது என்று பிள்ளையிடம் பொய் சொல்லவும் வேண்டாம். ஒன்றும் கொடுக்கும் எண்ணமின்றிக் குழந்தையைத் "தருகிறேன், வா" என்றழைப்பதும் பொய்யே என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சிறிது வலிக்கும், உன் தாய் அருகிலிருப்பாள் என்ற உண்மையே பிள்ளைக்குத் துணிவு தரும்.

யார் செய்த பாவமோ என்று பெற்றோர் காதுபடப் பேசுவது கத்தியினும் கொடியது. வீட்டில் தாயின்றித் தவிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு, தேவைப்பட்டால் இரத்தம், தந்தை இழந்த நாட்கூலிக்கு ஓர் ஈடு, இவையன்றோ உண்மையான நலம் விசாரிப்பு!

தாய்க்காகத் தொழுகையையே சுருக்கினார்கள் அண்ணலார். நாம் நம் பேச்சைச் சுருக்குவோம். உதவும் கரத்தை நீட்டுவோம். வல்ல நாயன் நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.