கார் டயர் பஞ்சரா? நீங்களே ஒட்டலாம்... ஆனா ஆணி எங்க குத்தியிருக்குன்னு முதல்ல பாருங்க!

நடுவழியில் டியூப்லெஸ் டயர் பஞ்சர். டிக்கியில் பஞ்சர் கிட் இருக்கிறது. உடனே ஆணியைப் பிடுங்கிடாதீங்க!

ஒட்டலாமா, கூடாதா?

சாலையில் உருளும் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் ஓட்டை என்றால் ஒட்டலாம். பக்கவாட்டில் குத்தியிருந்தால் கூடவே கூடாது. ஓடும்போது அந்தப் பகுதி வளைந்து கொடுப்பதால் ஒட்டு நிற்காது, டயர் வெடிக்கலாம். ஸ்டெப்னி மாற்றுவதுதான் வழி.

எப்படி ஒட்டுவது?

ஆணியைப் பிடுங்கி, கிட்டில் உள்ள முறுக்குக் கம்பியால் ஓட்டையைச் சுத்தம் செய்யுங்க. ரப்பர் ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து, நுனி வெளியே நிற்கும்படி செருகி, ஊசியை மட்டும் சட்டென இழுங்க. காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. குமிழி வரலைன்னா கிளம்பலாம்.

ஆனா, இது பஞ்சர் கடை வரைக்கும்தான். அங்கே டயரைக் கழற்றி, உள்பக்கம் பேட்ச் போட்டால்தான் வேலை முழுசா முடியும்.