லேசருக்குப் பிறகு களத்துமேடு

முன்பெல்லாம் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கண்ணில் நெல் சுணை விழுந்தால் முதல் வைத்தியம் நாக்குதான். கைப்பக்குவம் உள்ள பாட்டி ஒருவர் இமையை மடக்கிப் பிடித்து, நாக்கு நுனியால் துழாவி எடுத்துவிடுவார். பிறகு தாய்ப்பால் இரண்டு சொட்டு, இல்லையென்றால் நந்தியாவட்டைப் பூச்சாறு. பலருக்கு ஆறிவிடும். ஆறாதவர்களுக்குக் கண்ணில் பூ விழும். உமியோ சோகையோ கீறிய இடத்தில் பூஞ்சை தொற்றிப் புண்ணாகிவிடுவதால் வரும் வினை அது. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-லேயே வந்துவிட்டது. ஆனால் களத்திலிருந்து ஒருவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் புண் ஆழம் போயிருக்கும்.

இன்று அதே வீடுகளின் பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் சென்னைக்குப் போய் லேசர் செய்துகொண்டு வருகிறார்கள். சீருடைப் பணித் தேர்வு, ஒரகடத்தில் வேலை, கல்யாணப் பேச்சு என்று ஆளுக்கொரு காரணம். இந்த லேசருக்குப் பின்னால் நம்மூர்ப் படிப்பும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981-ல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் எக்சைமர் லேசரைப் பாய்ச்சினார். சுற்றியிருந்த திசு கருகாமல் வெட்டு மட்டும் சுத்தமாக விழுந்தது. கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

முதலில் வந்த பிஆர்கே முறையில் கருவிழியின் மேல்தோலையே அகற்றுவார்கள். அது திரும்ப வளர மூன்று நான்கு நாளாகும். அதுவரை எரிச்சலும் வலியும்தான். 1990-களில் பரவிய லேசிக்கில் மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து மூடுவதால் மறுநாளே பார்வை தெளிகிறது. இப்போது ஸ்மைல் முறையில் சில மில்லிமீட்டர் துவாரம் போதும். காயம் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

அதனாலேயே காயம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான். கருவிழியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய் கிடையாது. கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து புது செல்கள் நகர்ந்து வந்து மேல்தோலை மூடும். லேசிக் மடல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய உறுதி முழுதாகத் திரும்புவதில்லை. நரம்புகள் வெட்டுப்பட்டதால் கண் பல மாதம் காய்ந்துபோகும். பாதுகாப்புப் பொருள் கலக்காத கண்ணீர்ச் சொட்டை வேளை தவறாமல் விடுவதும் கண்ணைக் கசக்காமல் இருப்பதும் பாதி வைத்தியம்.

எவற்றில் கவனம் வேண்டும் என்று மருத்துவமனை தரும் தாளில் கம்ப்யூட்டர், ஏசி, நீச்சல் குளம் என்று எழுதியிருக்கும். நம் பக்கம் கதிர் அறுக்கும் மெஷின் கிளப்பும் புழுதி, செங்கல் சூளைப் புகை, கல்குவாரித் தூசி, ஏரிக் குளியல், தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் ஆகியவற்றை யார் எழுதுவது? நவரை நெல் அறுப்போ சொர்ணவாரி நெல் அறுப்போ முடிந்த பிறகு தேதி வாங்கினால் பாதித் தொல்லை குறையும். முதல் சில வாரம் இரவில் கண் கவசம், வண்டியில் போகும்போது பக்கம் மூடிய கண்ணாடி, இரண்டும் கட்டாயம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் சொன்ன கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டியது அது. காலி பாட்டிலை மெடிக்கலில் காட்டி மறுபடி வாங்கிப் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம். சுணை கீறிய கண்ணில் அதையே விட்டால் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டதுபோல ஆகிவிடும். பாட்டி காலத்துப் பூ, புது மருந்தின் கையால் விழும்.

கீறல் பட்டால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், லேசர் செய்ததையும் சொல்லுங்கள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களே கீறல் பட்டவர்களுக்கு உடனடியாக ஆன்டிபயாடிக் களிம்பு மூன்று நாள் போட்டுப் புண் வராமல் தடுத்ததை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. உத்திரமேரூர் வட்டாரத் துணை சுகாதார நிலையங்களுக்கும் அந்தப் பயிற்சி வர வேண்டும். ஊரில் லேசர் செய்துகொண்டவர்கள் யார் யார் என்பதும் அங்குள்ள செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.