கூரை இறங்கினாலும் குடியிருக்க முடியுமா?

நகரும் வீடு: தொடர் கட்டுரை – 6

வாடகை கட்டி மாளாமல், வண்டியிலேயே குடியிருந்தால் என்ன என்று கேட்கும் வாசகர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலருடைய கண் ‘பாப்-அப்’ கேம்பர் மேல் இருக்கிறது. பிக்கப் வண்டியின் பின்பக்கத் தொட்டியில் உட்காரும் பெட்டி அது. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியதும் கேன்வாஸ் சுவரோடு மேலே எழும்பும். காற்றின் எதிர்ப்பு குறையும், வண்டியும் கவிழாமல் நிதானமாக ஓடும். விடுமுறைக்குப் போய்வர அருமையான ஏற்பாடு. வருஷம் முழுக்கக் குடியிருக்க வேண்டுமானால் வேறு கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கை நம் ஊரில் போட்டுக் காட்டியவர் கட்டடக் கலைஞர் என்.ஜி. அருண் பிரபு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர்க்காரர். சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளின் சின்னஞ்சிறு வீடுகளை ஆராய்ந்தவர். சரக்கு ஆட்டோ ஒன்றின் மேல் 36 சதுர அடியில் ‘சோலோ 01’ என்ற வீட்டைச் சுமார் ஒரு லட்சம் ரூபாயில் அமைத்தார். படுக்கை, சமையலிடம், கழிப்பறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால் வீடு வேறு, வண்டி வேறு. 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் பாராட்டியதும் நாடே திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்தப் பாராட்டைவிடப் பெரிதாகத் தெரிவது, எதை வைப்பது, எதை விடுவது என்று அவர் எடுத்த முடிவுகள்தான்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 250 லிட்டர் என்றால் 250 கிலோ. பகட்டான டபுள் கேப் பிக்கப்புகள் பலவும் சட்டப்படி சுமக்கக்கூடியது சில நூறு கிலோதான். பெட்டி, பேட்டரி, இரண்டு ஆட்கள், மேலே தண்ணீர் என்று ஏற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை எப்போதோ தாண்டியிருக்கும். ஒரு டன்னுக்கு மேல் லோடு தாங்கும் சாதாரண சரக்குப் பிக்கப்பே குடியிருக்க உகந்தது. ஆகவே முதலில் எடையைக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் அலமாரியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வண்டியின் அமைப்பையே மாற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். பட்டறைக்குப் போகும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வெயில். 2003 மே மாதம் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரையின் கீழ் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சூடு என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஏ.சி. போடலாமே என்பீர்கள். 600 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய இரண்டரை யூனிட் தரும். சிறிய ஏ.சி. இரவெல்லாம் ஓட நாலைந்து யூனிட் வேண்டும். கணக்கு உதைக்கிறது. அந்தப் பணத்தைக் கூரைக்குள் வைக்கும் ஃபோமுக்கும், மேலே பூசும் வெள்ளை பெயின்ட்டுக்கும், சூடான காற்றை வெளியே தள்ளும் 12 வோல்ட் ஃபேனுக்கும் செலவழியுங்கள். எழும்பிய கேன்வாஸின் நாலு பக்கமும் நெருக்கமான கொசுவலை கட்டாயம். ஆவடி பருத்திப்பட்டு ஏரிப் பக்கமோ கூவம் ஓரத்திலோ ஒரு சாயங்காலம் நின்றவர்களுக்கு இதற்குக் காரணம் தெரியும்.

வெயிலைவிடப் பெரிய சோதனை மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடியில் ஒரே நாளில் 28 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட இரவில், காற்றடிக்கும்போது கேன்வாஸ் சுவரை நிமிர்த்தி வைக்க முடியாது. தண்ணீர் ஏறினால் வண்டியை உடனே மேட்டுக்கு எடுத்துப் போகவும் வேண்டும். நனைந்த கேன்வாஸை மடித்துவைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் அதைக் காயவைக்க வெயிலுக்கு எங்கே போவது? அதனால்தான் சொல்கிறேன்: கூரை தாழ்ந்திருக்கும்போதும் படுக்கையில் ஏற முடிய வேண்டும், கழிப்பறைக்குப் போக முடிய வேண்டும், ஒரு டம்ளர் காபியாவது போட முடிய வேண்டும். பல அமைப்புகளில் கட்டில் முன்பக்கம், ஓட்டுநர் கேபினுக்கு மேலே இருக்கும். கூரை இறங்கினால் அதில் கை நுழைவதே கஷ்டம். கீழே இருக்கையை நீட்டிப் படுக்கிற வசதி உள்ளதையே தேடுங்கள்.

சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் இருக்கும் அறையின் அடிப்பக்கத்தில், வெளியே திறக்கும் துவாரம் இல்லாத பெட்டியை வாங்கவே கூடாது. கழிப்பறைக்குக் கையில் தூக்கிப்போய்க் காலி செய்கிற கேசட் வகையே நமக்குச் சரி. வண்டிக் கழிவை இறக்க வெளிநாட்டில் இருப்பதுபோன்ற நிலையங்களை இங்கே நம்பியிருக்க முடியாது.

வண்டியில் வாழ்வது நமக்குப் புதிதல்ல. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் லாரியை நிறுத்தி, கேபினிலேயே சமைத்துத் தூங்கி எழும் ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வாழ்கிறார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்ததே அவர்கள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த தாமதமான பதில். எந்த வசதி உழைக்கும், எது ஒரு மாதத்தில் சுமையாகும் என்பதை அவர்களிடம் கேளுங்கள். பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கூரையை இறக்கிவைத்து ஒரு இரவு அதில் படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.