சிரிப்புக்கும் ஒரு கேஜ் உண்டு

டிப்ளமோ படிக்கிறவனுக்கும் தொட்டில் குழந்தைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நண்பர்களே! அக்கா குழந்தை, அண்ணன் குழந்தை நம் எல்லார் வீட்டிலும் உண்டு.

மெட்ராலஜி லேபில் கோ கேஜ், நோ-கோ கேஜ் பிடித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஷாஃப்டுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை இருப்பதுபோல் குழந்தை வளர்ச்சிக்கும் உண்டு. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். ஒரே தாள். இரண்டு வயது வரை 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோட்டின் இடது முனை, நூற்றுக்கு 3 குழந்தைகள் அதைச் செய்யும் வயது. வலது முனை, 97 குழந்தைகள் செய்துவிடும் வயது. அளவெல்லாம் நம் நாட்டு பரோடா குழந்தைகளிடம் எடுத்தது. குழந்தையின் வயதில் ஸ்கேலைச் செங்குத்தாக வையுங்கள். ஸ்கேலுக்கு இடப்பக்கமே முடிந்துபோன கோட்டில் உள்ளதைக் குழந்தை இன்னும் செய்யவில்லையா? டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். சில நிமிட வேலை. அங்கன்வாடி ஊழியரே செய்யலாம்.

முதல் கோடு என்ன தெரியுமா? சிரிப்பு! பிறந்த புதிதில் தூக்கத்தில் சிரித்தால் "நரி விரட்டுது" என்பார்கள் பாட்டிமார்கள். அது கணக்கில் சேராது. முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும். தொடக்கூடாது, கிச்சுக்கிச்சு மூட்டக்கூடாது. முகத்தைக் காட்டிப் பேசியே வரவழைக்க வேண்டும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் சோதிப்பது வீண். குறைமாதக் குழந்தைக்கு முன்னால் பிறந்த வாரங்களைக் கழிக்க வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இப்போது நான்கு மாதம் என்றால், கணக்குக்கு இரண்டு மாதம்தான்.

மூன்று மாதமாகியும் சிரிக்கவில்லையென்றால் பார்வையையும் சோதிக்க வேண்டும். அம்மா முகமே தெரியாத குழந்தை எதைப் பார்த்துச் சிரிக்கும்?

1970-களில் அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை ஒன்று. கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அத்தனை விவரம் அந்தப் பொடிசுக்கு!

ஆனால் அந்த 17-ல் பெரும்பாலானவை தலை, கை, கால் சமாச்சாரம். ஆகவே அட்டவணையோடு நின்றால் போதாது என்பது என் அபிப்பிராயம். ஏழெட்டு மாதத்தில் வேற்றாளைக் கண்டு மிரளுகிறதா? ஒரு வயதுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? டாட்டா காட்டுகிறதா? வேண்டியதை விரலால் சுட்டுகிறதா? இதையும் கவனிக்க வேண்டும்.

"அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லியே நம் ஏரியாவில் இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள். காது கேளாத குழந்தைக்கு அந்த இரண்டு வருஷம்தான் மொழி ஊன்றும் காலம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் முட்டுக்காடு. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. கைக்குழந்தைகளையும் பார்க்கிறார்கள். போகும்போது குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பது அதில் இருக்கும்.