கண்ணை மூடிக் காதைத் திறப்போம்!



எங்க குயிலாப்பாளையத்தில் அண்ணன் ஒருவர் ஆம்ப்ளிபயர் அசெம்பிள் பண்ணித் தருகிறார். சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்பார்மரும் வாங்கி வந்து, ராத்திரி கண் விழித்து சால்டர் பண்ணுவார். கேட்கிறவர்களோ, "நல்லாத்தான் பாடுது, ஆனா கம்பெனி செட்டு மாதிரி வருமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படித் தீர்ப்பு சொன்னது காதா, பெயரைப் பார்த்த கண்ணா?

இந்தக் கேள்வி நம்ம ஊருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 1978-இல் ஜேம்ஸ் மோயர் என்ற பொறியாளர் ஒரு சோதனை நடத்தினார். குவாட் கம்பெனியின் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று, டிரான்சிஸ்டர் மாடல்கள் இரண்டு (303, 405). எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். கேட்டவர்களில் ஒலிக்கருவி விமர்சனம் எழுதுபவர்களும் இருந்தார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக யாராலும் பிரித்தறிய முடியவில்லை. 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகை இதை வெளியிட்டது.

நாமும் செய்து பார்க்கலாம். விதிகள் மூன்றுதான்.

முதலாவது, சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினால் மின்னழுத்தம் சுமார் 12 சதவீதம் கூடுகிறது. அந்தச் சின்ன வித்தியாசம் 'சத்தம் அதிகம்' என்று படாது. 'தெளிவு அதிகம்' என்றே படும்! ஆகவே 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, எது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக்கூடாது. நாணயம் சுண்டி முடிவு பண்ணுங்கள். சுவிட்ச் போடுபவர் திரைக்குப் பின்னால், பேசாமல் இருக்கட்டும். அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் ஒருசேர மாற்றும் சுவிட்சாகப் போடுங்கள். இரண்டு ஆம்ப்ளிபயரின் அவுட்புட்டும் ஒரு கணம் சேர்ந்தாலும் டிரான்சிஸ்டர் போய்விடும், ஜாக்கிரதை!

மூன்றாவது, பல தடவை கேட்க வேண்டும். பத்துக்கு 7 சரி என்றால் உடனே கைதட்டாதீர்கள். வெறும் ஊகத்திலேயே 100-க்கு 17 தடவை 7-ஓ அதற்கு மேலோ வந்துவிடும். 9-ஓ 10-ஓ வருவது 100-க்கு ஒரு தடவைதான்.

அண்ணன் செட்டையும் இரவல் வாங்கிய கம்பெனி செட்டையும் இப்படித்தான் வைத்தோம். முதல் சுற்றில் நண்பன் பத்துக்குப் பத்து சொல்லிவிட்டான்! பாட்டு அடங்கும் இடத்தில் அண்ணன் செட்டில் லேசான 'உம்' சத்தம். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் அன்றைக்கே எர்த் வயர்களையெல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்தார், இன்புட் வயரை டிரான்ஸ்பார்மரை விட்டு விலக்கினார். மறு சுற்றில் அதே நண்பனுக்குக் கிடைத்தது பத்துக்கு ஐந்து. "எதுன்னே தெரியலைண்ணே!" என்றான். அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அதற்காக எல்லா ஆம்ப்ளிபயரும் ஒன்று என்று அர்த்தமில்லை. சக்திக்கு மீறி முறுக்கினால் எதுவும் கரகரக்கும். குறை இருந்தால் இந்தச் சோதனை காட்டிக் கொடுக்கும். இல்லாவிட்டால், இல்லாத குறையைச் சொல்ல விடாது.

நாளை நம் கையால் செய்யும் பொருளையும் உலகம் பெயரைப் பார்த்துத்தான் எடை போடும். அப்போது வாதம் பண்ண வேண்டாம் நண்பர்களே. ஒரு திரையைக் கட்டி, "கேட்டுச் சொல்லுங்க" என்று சொன்னால் போதும்!