போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அமைவடிவக் கோப்புகளின் இருப்பிடம்

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்பது ஒரு கட்டற்ற தரவுத்தள மேலாண்மை மென்பொருள் ஆகும். இதன் வழங்கி முதன்மையாக மூன்று அமைவடிவக் கோப்புகளைப் பயன்படுத்துகின்றது. நினைவக அளவு, போர்ட் எண் முதலியன போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் என்னும் கோப்பில் உள்ளன. எந்தப் பயனர் எக்கணினியிலிருந்து எம்முறையில் உள்நுழையலாம் என்பதை பிஜி_எச்பிஏ.கான்ஃப் தீர்மானிக்கின்றது. பிஜி_ஐடென்ட்.கான்ஃப் இயங்குதளப் பயனர் பெயர்களைத் தரவுத்தளப் பயனர் பெயர்களுடன் பொருத்துகின்றது. பல நிறுவல்களில் இதைத் தொடவேண்டிய தேவையே எழுவதில்லை.

இருவேறு வழக்கங்கள்

இனிட்டிபி கட்டளை புதிய தரவு அடைவை உருவாக்கும்போது இம்மூன்றையும் அதனுள்ளேயே இடுகின்றது. ரெட் ஹாட் வழிவந்த வழங்கல்கள் இதையே பின்பற்றுகின்றன. டெபியன், உபுண்டு ஆகியவற்றிலோ தரவு /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்பதன் கீழும், அமைவடிவக் கோப்புகள் /எட்சி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்பதன் கீழ் ஒவ்வொரு பதிப்புக்குமான தனி அடைவிலும் உள்ளன. ஒரு கணினிக்கே உரிய அமைப்புகள் /எட்சி அடைவில் இருக்கவேண்டும் என்பது யுனிக்சு மரபு. கோப்புகளை இவ்வாறு பிரித்து வைப்பதற்கான தேர்வுகள் 2005 இல் வெளியான 8.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. ஒரே கணினியில் பல பதிப்புகளை இயக்குவோருக்கும், அமைவடிவத்தின் மாற்ற வரலாற்றைப் பேணுவோருக்கும் இம்முறை வசதியானது.

காப்புநகல் சிக்கல்

பிரித்து வைப்பதில் ஓர் இடர் உண்டு. பிஜி_பேஸ்பேக்கப் கட்டளை தரவு அடைவையே படியெடுக்கின்றது; /எட்சியை அது தொடுவதில்லை. வன்தட்டு பழுதான பின் புதிய கணினியில் மீட்டெடுத்தால் தரவு முழுமையாக இருக்கும். ஆனால் உள்நுழைவு விதிகள் இரா, பயன்பாடுகளின் இணைப்புகள் மறுக்கப்படலாம். இயல்பிருப்பு அமைவடிவத்தைக் கொண்டு துணை வழங்கியை இயக்கினாலும் தடை வரலாம்: இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை முதன்மை வழங்கியில் உள்ளதைவிடக் குறைவாயின் மீட்பு நின்றுவிடும். எனவே இவ்வழங்கல்களில் /எட்சி அடைவையும் காப்புநகலில் சேர்ப்பது இன்றியமையாதது. பிஜி_டம்ப் கட்டளை எவ்வழக்கத்திலும் இக்கோப்புகளை எடுப்பதில்லை.

தானியங்கிக் கோப்பு

2014 இல் வெளியான 9.4 பதிப்பு முதல், ஆல்டர் சிஸ்டம் கட்டளையால் செய்யப்படும் மாற்றங்கள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்னும் கோப்பில் எழுதப்படுகின்றன. இது எப்போதும் தரவு அடைவிலேயே இருக்கும். இறுதியில் படிக்கப்படுவதால் முதன்மைக் கோப்பிலுள்ள மதிப்பை மீறிவிடும். /எட்சியில் செய்த திருத்தம் பலனளிக்காதபோது முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுவே. 2024 இல் வந்த 17 ஆம் பதிப்பில் இக்கட்டளையை முடக்க வழி செய்யப்பட்டது.

இயங்கும் வழங்கி எக்கோப்பைப் படித்தது என்பதை ஷோ கான்ஃபிக்_ஃபைல், ஷோ எச்பிஏ_ஃபைல் ஆகிய கட்டளைகளால் அறியலாம்.