டோக்கன் திருடு போனால்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: “லாரி கிளம்புமுன் எங்கள் சாஃப்ட்வேரே இ-வே பில் போட்டுவிடும். டோக்கன் திருடு போனாலும் கவலையில்லாத புது வெர்ஷன் என்று ஒருவர் விற்க வருகிறார். நம்பலாமா?”

பாதி நம்பலாம்.

ரயில் நிலைய பைக் ஸ்டாண்டில் டோக்கனை நீட்டியவருக்கு வண்டி கிடைக்கும். கீழே கிடந்ததை எடுத்து நீட்டினாலும் கிடைக்கும். உள்நுழைந்ததும் பெரும்பாலான இணையச் சேவைகள் அடையாளமாகத் தரும் டோக்கனும் இந்த ரகம்தான். கறாரான ஸ்டாண்டுக்காரர் ஒருவர், “சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க” என்கிறார் என்று வையுங்கள். கண்ணாடியைத் துடைக்க வந்தாலும் ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார். நேற்று கேட்ட இன்ஜின் சத்தத்தை ஒருவன் பதிவு செய்துவந்து ஒலிக்கவிட்டால், அதையும் கண்டுபிடித்துவிடுகிறார்!

இந்தக் கறாருக்குத்தான் ‘டி-பாப்’ என்று பெயர். சாஃப்ட்வேர் தனக்கென்று ஒரு சாவி ஜோடியை உருவாக்குகிறது. பொதுச்சாவியின் சுருக்கக் குறி டோக்கனோடு பிணைக்கப்படுகிறது; தனிச்சாவி வெளியே போவதே இல்லை. ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு குட்டிச் சீட்டு போகிறது. என்ன வகைக் கோரிக்கை, எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, ஒருமுறை மட்டும் செல்லும் ஓர் எண், டோக்கனின் சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். கீழே தனிச்சாவியின் கையொப்பம். சீட்டையும் சேர்த்துத் திருடிப் பாருங்கள். வேறு முகவரியில் நீட்டினால் பொருந்தாது. தாமதித்தால் காலாவதி. உடனே நீட்டினாலோ, சர்வர் அந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தால் திருடன் அங்கேயே மாட்டிக்கொள்வான். இவ்வளவு சிறிய சீட்டுக்குள் இத்தனை கதவுகளை அடைத்ததுதான் இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம்.

வரலாறு சுருக்கமாக: டோக்கன் வழங்கும் முறையான ஓஆத், 2007இல் வெளியான தன் முதல் பதிப்பிலேயே கோரிக்கைக்குக் கையொப்பம் வைத்திருந்தது. புரோகிராமர்கள் சிரமம் என்றார்கள். 2012இல் வந்த அடுத்த பதிப்பு வெறும் டோக்கனுக்கு இறங்கியது. டி-பாப் 2023இல் தரநிலையானது.

நம் இ-வே பில் அமைப்பும் வெறும் டோக்கனை நம்பி இல்லை. உள்நுழையும்போது சாஃப்ட்வேர் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, அரசின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்புகிறது. பதிலுக்கு டோக்கனும், அந்த ரகசியச் சாவியால் பூட்டிய அமர்வுச் சாவியும் வருகின்றன. பில் விவரத்தை அமர்வுச் சாவியால் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆறு மணி நேர டோக்கன் மட்டும் கையில் கிடைத்தவனால் பில் போட முடியாது. ஆனால் இந்த அமர்வுச் சாவி இரு தரப்பிடமும் இருக்கிறது. டி-பாப் தனிச்சாவியோ ஒரே இடத்தில்தான்.

இனி விற்பனையாளர் சொல்லாத பாதி. டி-பாப் சீட்டு கோரிக்கையின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. லாரி எண் நடுவழியில் மாறினாலும் கையொப்பம் அப்படியே பொருந்தும். அதைத் தடுப்பது இணைப்பின் மறையாக்கம். உள்ளடக்கத்துக்கும் கையொப்பம் வேண்டுமென்றால் 2024இல் தரநிலையான எச்.டி.டி.பி. செய்திக் கையொப்பம் வேண்டும். கணக்குப் பிரிவுக் கணினியிலேயே வைரஸ் உட்கார்ந்துவிட்டால், அது அங்கிருந்தபடியே கையொப்பம் போட்டுக்கொள்ளும். எனவே விற்பனையாளரிடம் கேளுங்கள்: தனிச்சாவி எங்கே இருக்கும்? பாதுகாப்புச் சிப்புக்குள் என்றால் மேற்கொண்டு பேசலாம். சாதாரண ஃபைலில் என்றால், டோக்கனைத் திருடுகிறவன் அதையும் சேர்த்துத்தான் எடுத்துப் போவான்.